கூடையில் ஏறி வந்த நூடுல்ஸ்

ஷாவ் கெய் வான் துறைமுகத்தின் மீன்சந்தையை ஒட்டிய சந்தில் லின்ஹோவைத் தெரியாதவர்கள் இருக்கலாம். அவள் வீட்டுக் கடல் நூடுல்ஸைத் தெரியாதவர்கள் கிடையாது. இறாலும் கணவாயும் மட்டியும் போட்டு, இழை இழையாகப் பிரிந்து, லேசாகத் தீய்ந்த வாசனையோடு மேசைக்கு வரும் அந்த நூடுல்ஸுக்காகவே அவள் வீட்டுக்கு மாஜாங் ஆட வரும் பெண்கள் இருந்தார்கள். ஆட்டத்தில் தோற்றாலும் சாப்பிட்டுவிட்டுத்தான் எழுந்திருப்பார்கள்.

"உன் கைக்குத் தங்கக் காப்பு போடணும்டி" என்பாள் எதிர்வீட்டு சௌகெங்.

லின்ஹோ தலையைக் குனிந்து சிரிப்பாள். எவ்வளவு அடக்கமான பெண் என்று எல்லோரும் நினைத்துக்கொள்வார்கள்.

அடக்கமெல்லாம் ஒன்றுமில்லை. அந்த நூடுல்ஸை அவள் ஒருநாளும் சமைத்ததில்லை.

லின்ஹோவுக்குச் சமையல் வராது. அவளைக் குறை சொல்லவும் முடியாது. படகில் பிறந்தவள், தலைப்பிள்ளை. அவளுக்குப் பின்னால் வரிசையாகத் தங்கைகள் வந்தார்கள். தம்பி வந்து சேர வெகுகாலம் ஆயிற்று. அதுவரை பொறுக்காத அப்பா அவளையே பின்துடுப்பில் நிறுத்திவிட்டார். அடுப்படி தங்கைகளின் பங்காகப் போய்விட்டது. ஓடும் படகிலிருந்து அவள் கயிற்றை வீசினால் அது துறைமுகத்துத் தறியில் போய் மாலைபோல விழும். கிழிந்த வலையைக் கண்ணை மூடிக்கொண்டு முடிவாள். படகுப் பிள்ளைகளுக்கென்று கரையில் நடந்த பள்ளிக்கூடத்துக்கும் கொஞ்சகாலம் போனாள். இறால் காலம் வந்தபோது நின்றவள் மறுபடி போகவில்லை. இவ்வளவும் தெரிந்த அவளுக்கு, சோறு பொங்கினால் மூடியைத் திறக்க வேண்டும் என்பது கல்யாணம் ஆகும்வரை தெரியாது.

அவள் புருஷன் மான்கெய் படகுப் பட்டறையில் சாயம் அடிப்பவன். அப்பாவின் படகு பழுதுபார்க்கக் கரையேறியிருந்தபோது, பாய்மரத்தின் உச்சியில் உட்கார்ந்து கொய்யாப்பழம் தின்றுகொண்டிருந்த பெண்ணை அண்ணாந்து பார்த்துக்கொண்டே நடந்து சாயவாளிக்குள் காலை விட்டான். பச்சைக் காலோடு கொஞ்சநாள் திரிந்தான். அதன் பிறகு பெண் கேட்டு வந்தான்.

மான்கெய்க்கு இருந்த ஒரே சொந்தம் அக்கா யின்டாய். அப்பா அம்மா போனபின் மலைமேல் ஒரு பெரிய பங்களாவில் வேலைக்குச் சேர்ந்து, தம்பியை வளர்த்து ஆளாக்கியவள். கல்யாணமே வேண்டாம் என்று சபதம் செய்து, கூந்தலைக் கொண்டையாக முடிந்துகொண்டவள். வெள்ளைச் சட்டை, கறுப்புக் கால்சட்டை, அதில் ஒரு சுருக்கம் இருக்காது. இப்போது வேலையை விட்டுவிட்டு, தன்னைப்போலவே சபதம் செய்த பெண்களோடு, டிராமில் போகும் தூரத்தில், வான் சாயில் ஒரு மாடியில் குடியிருந்தாள். வாயைத் திறந்தால் பங்களாவின் சமையல்கட்டுதான். அங்கே வாத்து எப்படித் தொங்கும், சூப்பு எப்படிக் கொதிக்கும், துரை ஒரு வாய் வைத்துவிட்டு எப்படிக் கண்ணை மூடுவார் என்று கேட்பவர்களுக்கு எச்சில் ஊறும்.

கல்யாணத்தன்றே யின்டாய் எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டாள்: "படகுக்காரப் பொண்ணு. சமையல் எப்படியோ தெரியாது. என் தம்பிக்கு ஒழுங்கா சோறு கிடைக்கலைன்னு தெரிஞ்சா, அன்னைக்கே படுக்கையைச் சுருட்டிக்கிட்டு இங்க வந்துடுவேன். நானே பொங்கிப் போடுவேன்."

இங்கே என்றால் இரண்டாம் மாடியில் ஒற்றை அறை. ஒரு கட்டில், ஒரு மேசை, நடுவில் ஒரு திரை, பின்பக்கம் ஆள் திரும்ப முடியாத அடுப்படி. யின்டாய் வந்தால் அவள் கட்டிலில், மான்கெய் மேசைமேல், லின்ஹோ மேசைக்கடியில். லின்ஹோ பலமுறை அளந்து பார்த்துவிட்டாள். நாத்தனாரை அவளுக்குப் பிடிக்காது என்றில்லை. வான் சாயில் இருக்கும்வரை மிகவும் பிடிக்கும்.

கல்யாணமான முதல் வருஷம் மான்கெயின் பிறந்தநாள் வந்தது. பிறந்தநாளைக்கு நூடுல்ஸ் இல்லாமல் முடியாது. அதுவும் இழை நீளமாக, வெட்டுப்படாமல், ஒடியாமல் இருக்க வேண்டும். இழையின் நீளம்தான் ஆயுசு. யின்டாய் சாப்பிட வருகிறாள் என்று செய்தி வேறு வந்திருந்தது. லின்ஹோ காலையிலிருந்து மண்ணெண்ணெய் அடுப்போடு மல்லுக்கட்டினாள். முதல் தடவை கஞ்சி வந்தது. இரண்டாவது தடவை என்ன வந்தது என்று அவளால் பெயர் சொல்ல முடியவில்லை. கையைப் பிசைந்துகொண்டு ஜன்னல் வழியாகக் கீழே பார்த்தாள்.

நேர் கீழே சந்தில் குண்டு பியூவின் சாப்பாட்டுக் கடை. தகரக் கூரையில் ஓட்டையாக விட்ட இடத்தில் அவன் வழுக்கைத் தலையும், வாணலியும், அதைச் சுற்றி முழ உயரத்துக்கு எழும்பும் நெருப்பும் தெரிந்தன. லின்ஹோ ஒரு கூடையை எடுத்தாள். தம்பி படகிலிருந்து கொடுத்தனுப்பிய இறாலையும் கணவாயையும் அதில் வைத்தாள். கயிற்றைக் கட்டி இறக்கினாள்.

பியூ நிமிர்ந்து பார்த்தான். "என்னம்மா, வானத்துலேருந்து இறால் வருது?"

"பாதி உனக்கு அண்ணே. மீதியைப் போட்டு நூடுல்ஸ் பிரட்டிக் கொடு. சத்தம் போடாம."

அன்று ஆரம்பித்தது. காசு பேச்சே இல்லை; தம்பியின் படகில் கிடைப்பதில் பாதி பியூவுக்கு. நூடுல்ஸ் மேலேறி வரும்வரை லின்ஹோ அடுப்படிக் கதவைச் சாத்திக்கொள்வாள். புகை வெளியே வரும் என்பாள். காலி வாணலியில் தட்டைக் கரண்டியால் டங் டங்கென்று தட்டுவாள். வாசனைக்குக் கொஞ்சம் வெங்காயத் தாளைப் போட்டுக் கருக்குவாள். பலகையில் இறால் ஓடுகளை இறைத்து வைப்பாள். கடைசியில் நெற்றியில் தண்ணீரைத் தொட்டு வியர்வைபோலத் தடவிக்கொண்டு, தட்டோடு வெளியே வருவாள். முதல் தடவை யின்டாய் தட்டைக் காலி செய்தாள். பிறகு, "உப்பு ஒரு கல் கம்மி" என்று சொல்லிவிட்டு வான் சாய்க்கே திரும்பிப் போனாள்.

ஏமாற்று என்று லின்ஹோ நினைத்ததில்லை. இறால் அவளுடையது. கணவாய் தம்பி பிடித்தது. மட்டியை மண் போகக் கழுவியது அவள். பியூவுடையது நெருப்பு மட்டும். நெருப்புக்கு யாராவது பேர் கேட்பார்களா? மான்கெயைப் பற்றிக் கவலையே இல்லை. சாப்பாட்டுத் தட்டைத் தவிர எதையும் அவன் உற்றுப் பார்ப்பவனில்லை.

இப்படியே வருஷங்கள் ஓடின. ஒரு வருஷம் மான்கெயின் பிறந்தநாள் ஞாயிற்றுக்கிழமையில் வந்தது. லின்ஹோ விடிந்ததுமே பெரிய இறாலாகப் பொறுக்கிக் கூடையில் இறக்கிவிட்டாள். காட்சிக்கு வைத்த சிறிய இறாலும் கொஞ்சம் நூடுல்ஸும் மட்டும் மேலே இருந்தன. சௌகெங்கும் இன்னும் இரண்டு பெண்களும் மாஜாங் கட்டைகளைக் கொட்டி உட்கார்ந்திருந்தார்கள். சாப்பாட்டு நேரத்துக்கு வரவேண்டிய யின்டாய் ஆட்டம் சூடுபிடிப்பதற்குள் வந்து நின்றாள். தோளில் ஒரு பெரிய மூட்டை.

"வாங்க அண்ணி. என்ன இவ்வளவு சீக்கிரம்? மூட்டை எதுக்கு?" என்றாள் லின்ஹோ.

"பாயும் போர்வையும். தேவைப்பட்டா விரிக்கலாம். இல்லைன்னா தூக்கிட்டுப் போகலாம்."

மான்கெய் மூட்டையை வாங்கிக் கட்டிலில் வைத்தான். "என்னக்கா சொல்ற?"

"புத்தாண்டுக்கு வந்தப்போ டீ போடலாம்னு உன் பொண்டாட்டியோட அடுப்பைப் பத்தவச்சேன். தண்ணி சுடறதுக்குள்ள ஒரு தூக்கம் போட்டு எந்திரிக்கலாம். அந்த அடுப்புலேருந்து அந்தத் தீஞ்ச வாசனை எப்படி வருது? அன்னையிலேருந்து எனக்கு இதே யோசனைதான்." யின்டாய் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டாள். "இன்னைக்கு அவ சமைக்கிறப்போ நான் உள்ள நிக்கப் போறேன். கண்ணால பார்த்தா நிம்மதியா வீட்டுக்குப் போவேன். இல்லைன்னா இன்னையிலேருந்து இங்கதான்."

"பாரேன். அவளுக்கும் துணையா இருக்கும்" என்றான் மான்கெய்.

லின்ஹோ அவனைப் பார்த்த பார்வையை அவன் வழக்கம்போலக் கவனிக்கவில்லை.

"அடுப்பைத் துடைச்சுட்டுக் கூப்பிடறேன் அண்ணி" என்று சொல்லி அவள் உள்ளே போனாள். சற்று நேரத்தில் வாளி உருளும் சத்தமும், "ஐயோ" என்று ஒரு குரலும் கேட்டன. லின்ஹோ மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு வந்தாள். சுளுக்குத் தைலத்தின் வாடை அவளுக்கு முன்பே அறைக்குள் வந்துவிட்டது. கையில் துணிக்கட்டு ஏற்கெனவே நேர்த்தியாகப் போடப்பட்டிருந்தது.

"வழுக்கிடுச்சு. பிசகியிருக்கும்போல."

"எந்தக் கை?" என்றாள் யின்டாய்.

"பிரட்டுற கை."

"நல்ல நேரம் பார்த்துப் பிசகுது." யின்டாய் கட்டிலில் இருந்த மூட்டையைப் பார்த்தாள். "அப்போ இன்னைக்கு நூடுல்ஸ் இல்லை."

"ஏன் இல்லாம? நீங்க இருக்கீங்களே அண்ணி. துரைக்கே சமைச்சுப் போட்ட கை. நான் பக்கத்துல நின்னு சொல்றேன், நீங்க செய்ங்க. என்னோட முறை எல்லாத்தையும் மறைக்காமச் சொல்லித் தரேன்."

மாஜாங் மேசையில் கட்டைகளின் சத்தம் நின்றது. "அடடா, எங்களுக்கு இன்னைக்கு யோகம்" என்றாள் சௌகெங். "எவ்வளவு காலமா பங்களா சமையல்னு காதால மட்டும் சாப்பிட்டுக்கிட்டிருக்கோம். வாயாலயும் சாப்பிட்டுடறோம் யின்டாய் அக்கா."

யின்டாய் கழுத்துப் பொத்தானைத் தொட்டுக்கொண்டாள். லின்ஹோ அதைக் கவனித்தாள். ஆனால் அப்போது அவள் வேறு கணக்கில் இருந்தாள். நன்றாக வந்தால் நாத்தனாரின் கைமணம். மோசமாக வந்தால் நாத்தனாரின் கைவண்ணம். இரண்டிலும் தன் தலை உருளாது.

இருவரும் உள்ளே போனார்கள். கதவு சாத்தப்பட்டது.

லின்ஹோவுக்குச் செய்முறை தெரியாது என்றும் சொல்ல முடியாது. இத்தனை வருஷமாகப் பியூ பிரட்டுவதை அவள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். ஆனால் உச்சியிலிருந்து. அவன் தோள் எப்போது சாயும், எந்தப் பாட்டிலுக்குக் கை நீளும் என்பதெல்லாம் அத்துப்படி. பாட்டிலில் என்ன இருந்தது என்பது மேலேயிருந்து தெரியாது.

"முதல்ல வாணலி புகையணும் அண்ணி."

காத்திருந்தார்கள். வாணலி புகையவில்லை. திரிதான் புகைந்தது.

"சரி, எண்ணெய் எவ்வளவு?"

"வலது தோளை இப்படி ஒரு தடவை சாய்க்கணும்."

"தோளையா?"

"அந்த அளவு."

யின்டாய் தோளைச் சாய்த்தாள். எண்ணெய் சரசரவென்று கொட்டியது. வேகவைத்த நூடுல்ஸை அதில் போட்டாள்.

"இப்போ மூணாவது பாட்டில்" என்றாள் லின்ஹோ.

"இங்க ரெண்டு பாட்டில்தானே இருக்கு."

"மூணாவது தீர்ந்துபோச்சு."

"அதுல என்ன இருந்துச்சு?"

லின்ஹோ யோசித்தாள். "கறுப்பா இருக்கும்."

யின்டாய் சோயா சாஸை ஊற்றினாள். லின்ஹோ தொண்டையைக் கனைத்துக்கொண்டாள். "இப்போ அடுப்பை முழங்காலால ஒரு இடி இடிக்கணும்."

"எதுக்கு?"

"எதுக்குன்னு கேட்டா? அப்படித்தான் செய்யணும். அதுக்கப்புறம்தான் வாசனை வரும்."

கீழே பியூ முழங்காலால் இடிப்பது நெருப்பைத் திறந்துவிடும் கைப்பிடியை. மேலேயிருந்து பார்த்த லின்ஹோவுக்கு அது பக்குவத்தின் ஒரு பகுதி. யின்டாய் முகத்தைச் சுளித்துக்கொண்டு அடுப்பை இடித்தாள். அது இருமிவிட்டு, இருந்த தீயில் பாதியையும் விழுங்கிக்கொண்டது.

சுருக்கமில்லாத கால்சட்டையில் முழங்காலில் கரி. யின்டாய் அதைப் பார்த்தாள், பல்லைக் கடித்தாள், தட்டைக் கரண்டியை எடுத்து நூடுல்ஸைக் கவனிக்கத் தொடங்கினாள்.

அவள் பிரட்டவில்லை. அழுத்தினாள். கரண்டியின் பின்பக்கத்தை நூடுல்ஸின்மேல் வைத்து, ஓரத்திலிருந்து நடுவுக்கு, நடுவிலிருந்து மறு ஓரத்துக்கு நிதானமாக இழுத்தாள். எங்கே மேடாக இருந்ததோ அங்கே இன்னொரு தடவை. இடக்கையில் தண்ணீரைத் தொட்டு இரண்டு சொட்டுத் தெளித்தாள். மறுபடி அழுத்தினாள். நூடுல்ஸ் வாணலியின் அடியில் மடிப்புக் கலையாமல் தட்டையாகப் படுத்துக்கொண்டது.

லின்ஹோ பார்த்துக்கொண்டே இருந்தாள். இந்தக் கை இதற்கு முன் என்ன செய்துகொண்டிருந்தது என்பது மெல்ல மெல்ல அவளுக்கு விளங்கியது.

"அண்ணி."

"என்ன?"

"அந்தப் பங்களாவுல உங்களுக்கு என்ன வேலை?"

கரண்டி நின்றது. "சமையல்கட்டுக்குப் பக்கத்து அறை."

"அந்த அறையில?"

யின்டாய் திரும்பவில்லை. "துரையோட சட்டையை என்னைத் தவிர யாரும் தேய்க்கக் கூடாது. அவ்வளவு நம்பிக்கை. பெட்டி போடுறப்போ சமையல்கட்டு வாசனையெல்லாம் எனக்குத்தான் வரும்."

லின்ஹோ துணிக்கட்டால் வாயைப் பொத்திக்கொண்டாள். சுளுக்குத் தைலம் மூக்கில் ஏறிக் கண்ணில் தண்ணீர் வந்தது.

"சிரிக்காதே. பிடிச்சுக்கிச்சு பாரு." யின்டாய் நூடுல்ஸைப் பெயர்க்கப் பார்த்தாள். வரவில்லை. வாணலியும் நூடுல்ஸும் ஒன்றாகிவிட்டிருந்தன. கரண்டியின் விளிம்பை நட்டுவைத்து ஓங்கி ஒரு குத்துக் குத்தினாள். பிறகு குறுக்கே இன்னொன்று. நூடுல்ஸ் கரகரவென்று துண்டு துண்டாக உடைந்து வந்தது.

இருவரும் ஒரே நேரத்தில் அதைப் பார்த்தார்கள்.

விரல் நீளத்துக்குக்கூட ஓர் இழை மிச்சமில்லை. பிறந்தநாள் நூடுல்ஸ். தம்பியின் நூடுல்ஸ்.

யின்டாய் கரண்டியை வாணலியிலேயே விட்டாள். மெல்லக் குந்துமணையில் உட்கார்ந்தாள். "என் கையாலயே" என்றாள். "அம்மை போட்டப்போ ஆறு மாசக் குழந்தைமாதிரி தூக்கிக்கிட்டுத் திரிஞ்சேன் அவனை. என் கையாலயே."

லின்ஹோவுக்கு இது நல்ல வாய்ப்பு. கதவைத் திறந்து, அண்ணி நூடுல்ஸை வெட்டிவிட்டாள் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்த மூட்டை பிரிபடாமல் வான் சாய்க்குப் போய்விடும். ஆயுசுக்கும் திரும்பி வராது. கை கதவுவரை போகவும் போனது. ஆனால் குந்துமணையில் உட்கார்ந்திருந்தவளின் கொண்டையிலிருந்து ஒரு மயிர்க்கற்றை அவிழ்ந்து காதில் தொங்கியது. அந்தக் கொண்டை கலைந்து லின்ஹோ பார்த்ததே இல்லை.

அவள் திரும்பி வந்தாள். "அண்ணி, இன்னும் யாரும் வாயில வைக்கலை. சாப்பிடாத நூடுல்ஸ் கணக்குல வராது."

"யார் சொன்னா?"

"கடலம்மா கோயில் பூசாரி."

"எப்போ சொன்னாரு?"

"போய்க் கேட்டா சொல்லுவாரு. எந்திரிங்க. நீளமான நூடுல்ஸுக்கு நான் வழி பண்றேன். ஒண்ணே ஒண்ணு, எதையும் கேட்காதீங்க."

ஜன்னலைத் திறந்தாள். அடுப்புக்குப் பின்னாலிருந்து கூடையையும் கயிற்றையும் எடுத்தாள். உடைந்த நூடுல்ஸை முதலில் கூடையில் கொட்டினாள். கட்டுப்போட்ட கை கயிற்றை லாவகமாக விட்டுக்கொடுத்தது.

பியூ நிமிர்ந்தான். "என்ன இன்னைக்கு ரெண்டு தலை தெரியுது?" பிறகு கூடைக்குள் பார்த்தான். "இது என்ன, மிதியடியா?"

லின்ஹோ உதட்டில் விரலை வைத்தாள். பியூ தோளைக் குலுக்கிவிட்டு அதைப் பூனைப் பக்கம் தள்ளினான். பூனை முகர்ந்து பார்த்துவிட்டு இடம் மாறி உட்கார்ந்தது. வாணலி நெருப்பில் ஏறியது. தோள் சாய்ந்தது. முழங்கால் இடித்தது. நெருப்பு பெருமூச்சு விட்டு எழுந்தது. இறால் சிவந்தது, கணவாய் சுருண்டது, நூடுல்ஸ் வாணலியைவிட்டு ஆளுயரம் எழும்பி, புரண்டு, மறுபடி வாணலிக்கே வந்து விழுந்தது.

யின்டாய் ஜன்னலில் சாய்ந்து பார்த்தாள். அவள் விரல் ஜன்னல் சட்டத்தைத் தடவியது. "இங்க ஒரு பள்ளம் இருக்கே."

"கயிறு தேய்ச்சது."

"மரத்தைத் தேய்க்கற அளவுக்கா? எவ்வளவு காலமா?"

"கல்யாணம் ஆனதுலேருந்து அண்ணி."

யின்டாய் வாயைத் திறந்தாள். கரி படிந்த தன் முழங்காலைப் பார்த்தாள். வாயை மூடிக்கொண்டாள்.

"சும்மா நிக்காதீங்க. வாணலியைத் தட்டுங்க" என்றாள் லின்ஹோ. "என் கை பிசகியிருக்கு இல்லையா? வெளிய சத்தம் கேட்கணும்."

யின்டாய் தயங்கித் தயங்கி ஒரு தட்டுத் தட்டினாள். அந்தப் பக்கம் பேச்சு நின்றதும் இன்னொன்று. பிறகு கை தாளத்துக்கு வந்துவிட்டது.

"கேட்டியா?" என்றது சௌகெங்கின் குரல். "பங்களா தட்டு. நம்ம தட்டெல்லாம் தகரத் தட்டு."

தட்டு மேசைக்கு வந்தபோது லின்ஹோ யின்டாயின் நெற்றியில் தண்ணீர் தடவ வேண்டியிருக்கவில்லை. நிஜமாகவே வியர்த்திருந்தது. மான்கெய் ஓர் இழையை எடுத்து, கடிக்காமல், நுனி வரும்வரை ஒரே மூச்சில் உறிஞ்சினான். யின்டாய் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். நுனி உள்ளே போனதும் அவளுக்கு மூச்சு வந்தது.

மான்கெய் கண்ணை மூடித் திறந்தான். "பிரமாதம் அக்கா! தப்பா நினைக்காதே லின்ஹோ, இது நீ செய்யறதைவிட ஒரு படி மேல."

"ரெண்டு படி" என்றாள் சௌகெங். "கை மாறினா ருசி மாறத்தான் செய்யும்."

அதே பியூ. அதே வாணலி. லின்ஹோவுக்குச் சுருக்கென்றது. இத்தனை வருஷம் கயிறு இழுத்தது யார்?

"அக்கா, எதுக்கு நீ வான் சாயில தனியா கிடக்கணும்?" மான்கெய் வாயில் நூடுல்ஸோடு எழுந்து கட்டிலுக்குப் போய் மூட்டையை அவிழ்க்கத் தொடங்கினான். "இங்கயே இரு. நான் மேசைமேல படுத்துக்கறேன். தினமும் உன் கையால இதைச் சாப்பிட்டா நூறு வயசு இருப்பேன்."

பாய் பாதி விரிந்துவிட்டது. யின்டாயின் முகத்தில் இருந்த வியர்வை அப்படியே குளிர்ந்தது. லின்ஹோ அதைப் பார்த்தாள். தினமும், இரண்டு வேளையும், தம்பியின் கண் எதிரில், அந்த அடுப்பு. லின்ஹோவுக்கு உள்ளே ஏதோ கிளுகிளுவென்று ஊறியது.

"ஆமாம் அண்ணி" என்றாள் தேனாக. "நானே சொல்லணும்னு இருந்தேன். வந்துடுங்க. நாளைக்கு வாத்து பண்ணலாம். புதன்கிழமை துரைக்குப் பிடிச்ச சூப்பு."

"நான் எப்படி வர முடியும்?" என்றாள் யின்டாய். "மாடிப்படி ஏறினா முட்டி வலிக்குது."

"இன்னைக்கு மூட்டையோட ஏறினீங்களே."

"அதான் வலிக்குது. அப்புறம் வான் சாயில சாமி இருக்கு. விளக்கு வைக்கணும்."

"சாமியையும் கூட்டிட்டு வந்துடலாம். அலமாரிமேல இடம் இருக்கு."

"சாமி தெற்கு பார்த்து இருக்கணும். உங்க அலமாரி மேற்கு பார்த்து இருக்கு."

"அலமாரியைத் திருப்பிடறேன்" என்றான் மான்கெய், உடனே எழுந்து.

"உட்காருடா. எதையும் திருப்ப வேண்டாம்." யின்டாய் லின்ஹோவை முறைத்தாள். லின்ஹோ இறாலை மென்றுகொண்டு கண்ணை அகலத் திறந்து, பால் குடிக்கும் குழந்தைபோலப் பார்த்தாள். "இதோ பாரு மான்கெய். ஒரு வீட்டுல ரெண்டு சமையல்காரி இருக்கக் கூடாது. பொண்டாட்டி கையால சாப்பிடறதுதான் புருஷனுக்கு மரியாதை. அவ சமையலை இன்னைக்குப் பக்கத்துல நின்னு பார்த்தேன். முறையெல்லாம் சரியாத்தான் இருக்கு. எனக்கு நிம்மதி. பாயைச் சுருட்டு."

"அவ எங்கக்கா சமைச்சா? நீதானே சமைச்சே."

"சொல்லித் தந்தது அவதானே. பாயைச் சுருட்டுன்னா சுருட்டு."

அவன் சுருட்டி முடிப்பதற்குள் லின்ஹோ மூட்டையைப் பறித்து, கட்டுப்போட்ட கையாலேயே தோளில் ஏற்றிக்கொண்டாள்.

"உன் கை?" என்றான் மான்கெய்.

"அண்ணி கைச் சாப்பாடு உள்ள போனதும் சரியாயிடுச்சு."

டிராம் நிற்கும் இடத்துக்கு இருவரும் நடந்தார்கள். பியூவின் கடையைத் தாண்டும்போது அவன் கரண்டியைத் தூக்கி மரியாதையாக ஒரு வணக்கம் போட்டான். யின்டாய் கொண்டையைச் சரிசெய்துகொண்டு எதிர்ப்பக்கத் தையல்கடையைப் பார்த்தபடி நடந்தாள்.

"பயந்து ஓடறேன்னு நினைக்காதே" என்றாள் டிராம் தெரிந்ததும்.

"சேச்சே."

"என் தம்பிக்கு இது தெரியவே கூடாது."

"எது அண்ணி?"

யின்டாய் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். முகத்தின் ஓரத்தில் ஒரு சிரிப்பு வெளியே வரப் பார்த்தது. அதைப் பெட்டி போட்டு மடித்து உள்ளே வைத்துவிட்டாள். மூட்டையை வாங்கிக்கொண்டு ஏறி, கூட்டத்துக்கு நடுவில் ஜன்னலோரம் இடம் பிடித்தாள். டிராம் மணி அடித்தது.

"அடுத்த ஞாயித்துக்கிழமை வரேன்" என்றாள், பக்கத்து இருக்கைக்காரர்களுக்கும் கேட்கும்படி உரக்க. "நண்டு கிடைச்சா நூடுல்ஸ்ல போடச் சொல்லு."

"யாரை அண்ணி?"

டிராம் நகரத் தொடங்கியிருந்தது. யின்டாய் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினாள்.

"யாரையா? வீட்டுல சமைக்கறது யாரு? உன்னைத்தான்."